ஐயாவின் கூன், அம்மானின் கண், என் இடுப்பு

முதுகுவலி என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது எந்த இடத்தில் வலி என்று இல்லை. காலையில் எழுந்ததும் அதிகமா, சாயங்காலம் அதிகமா என்றுதான் கேட்பேன். வேலை செய்து களைத்து வருகிற வலி படுத்தால் குறையும். எனக்கு வந்தது அப்படி இல்லை. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வலியே எழுப்பிவிடும், புரண்டு படுக்க முடியாது, எழுந்து வளவில் நாலு சுற்று நடந்தால்தான் கொஞ்சம் விடும். காலையில் வெந்நீரில் குளித்து அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று வேலை பார்த்த பிறகு வலி இருந்த இடமே தெரியாது. ஒரு மாதம் வலப்பக்கப் புட்டத்தில் குத்தும், அடுத்த மாதம் இடப்பக்கம். இதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

மூத்தவள் பிறந்தது சிசேரியன். அதனால் காரைக்குடியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: முதுகில் போட்ட ஊசி. நம் ஊரில் பிள்ளை பெற்ற பொம்பளைக்கு முதுகு வலித்தால் அந்த ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு மேற்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. ஒரு மருத்துவமனையில் டிஸ்க் விலகல் என்றார்கள். பெல்ட் கொடுத்து, குனியாதே, நிமிராதே, படுத்தே இரு என்றார்கள். படுத்தே இருந்ததில் வலி இரட்டிப்பானது. அப்புறம் கால்சியம், வைட்டமின் டி, கரண்ட் வைத்தியம் என்று வருஷங்கள் போயின. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தத்தில் அழற்சி இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர். அளவு சரியாகத்தான் இருந்தது, அதனால் வீட்டு வேலைக்குச் சோம்பல் என்று கூட ஒருவர் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மதுரையில் மூட்டு நோய்களுக்கென்றே இருக்கிற மருத்துவர், ருமடாலஜிஸ்ட் என்பார்களே, அவரிடம் போனபோது அவர் என் முதுகைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “உங்க வீட்ல யாருக்காவது கண்ணு சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம வலி வந்திருக்கா?” முதுகுக்கு வந்தவளிடம் கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று குழப்பமாக இருந்தது. ஆனால் தேவகோட்டையில் இருக்கும் என் அம்மானுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, அது வருகிறது. ஒரு கண் மட்டும் சிவக்கும், வலிக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடுவார்கள், பதினைந்து இருபது நாளில் அடங்கும், அடுத்த வருஷம் மறு கண்ணில் வரும். இப்போது கிட்ட உட்கார்ந்து பார்த்தால் இடது கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. இதற்கு யுவையிடிஸ் என்று பெயர். கண்ணின் உள்ளே வரும் அழற்சி இது. மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், இமை ஒட்டும், வீட்டில் எல்லோருக்கும் பரவும். யுவையிடிஸில் பீளை இருக்காது, உறுத்தலைவிட உள்வலிதான் அதிகம், வெளிச்சம் தாங்காது, பார்வை மங்கும். இந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் அம்மானின் கண் இப்படி ஆகியிருக்காது.

சரி, அடுத்த கேள்வி: “கூன் விழுந்தவங்க?” ஐயா, ஆத்தாவின் அப்பச்சி. எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் சொல்வோம்.

ஐயா சின்ன வயசில் பர்மாவுக்குப் போய்க் கடையில் கணக்கெழுதப் பெட்டியடியில் உட்கார்ந்தவர்கள். 1942 யுத்தத்தில் ஊர் திரும்பினார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது, “குனிஞ்சு குனிஞ்சு பேரேடு எழுதியே ஐயாவுக்குக் கூன் விழுந்துருச்சு.” நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் முகப்பில் ஐயாவின் அறுபதாம் வயசுச் சாந்திக் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் ஐயாவின் தாடை நெஞ்சை நோக்கி இறங்கியிருக்கிறது. கேமராவைப் பார்க்க முகத்தை நிமிர்த்த முடியாமல் கண்களை மட்டும் மேலே தூக்கியிருக்கிறார்கள், நெற்றியில் அடுக்கடுக்காகச் சுருக்கம். பக்கத்தில் நிற்பவர்களில் இரண்டு பேர் அதே கடையில் அதே போலப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதே பேரேட்டை எழுதியவர்கள். அவர்கள் இருவரும் நேராக நிற்கிறார்கள். கூப்பிட்டால் ஐயா கழுத்தைத் திருப்ப மாட்டார்கள், உடம்போடு திரும்புவார்கள் என்று ஆத்தா இதைக் கேட்ட பிறகுதான் நினைவுபடுத்திச் சொன்னார்கள். ஐயாவுக்கு யாரும் எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை, ஆகவே இன்ன நோய் என்று சாதிக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தை இன்று எந்த ருமடாலஜிஸ்டிடம் காட்டினாலும் அவர் மனதில் முதலில் வருவது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலிட்டிஸ்தான். முதுகெலும்பும் இடுப்பு மூட்டுகளும் அழற்சியில் வெந்து, பல வருஷத்தில் எலும்போடு எலும்பு ஒட்டிப்போகும் நோய். எனக்கு இருப்பதும் அதுவேதான், எம்.ஆர்.ஐ.யில் முதுகுக்குக் கீழே இடுப்பெலும்பு சேரும் மூட்டில் வீக்கம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் இது தெரிய வருஷக்கணக்கில் ஆகும். ஈ.எஸ்.ஆர்., அதே வகைச் சோதனையான சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருந்தும் இந்த நோய் இருக்க முடியும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற ஜீன் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. அதன் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், மருத்துவரையும் விடாமல் கேட்டேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, சில துண்டுகளைத் தன் மேல்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் டி செல்கள் சுற்றி வந்து அதைப் பார்க்கும். வைரஸின் துண்டு தென்பட்டால் அந்த செல்லையே அழித்துவிடும். துண்டை ஏந்திக் காட்டும் புரதங்களைச் செய்கிற ஜீன்கள்தான் எச்.எல்.ஏ. அவை 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. மனிதருக்கு மனிதர் மிக அதிகமாக வேறுபடும் ஜீன்கள் இவை, கிட்னி மாற்றும்போது பொருத்தம் பார்ப்பதும் இவற்றைத்தான். பி27 அதில் ஒரு வகை. இந்த வகைக்கும் முதுகெலும்பு நோய்க்கும் உள்ள தொடர்பை 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. பி27 எப்படி நோயைக் கொண்டுவருகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அது ஏந்துகிற ஏதோ ஒரு துண்டு டி செல்லைத் தவறாகத் தூண்டுகிறது என்பது ஒரு கட்சி. அந்தப் புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி உறுத்துகிறது என்பது இன்னொரு கட்சி. பி27-இலேயே நூற்றுக்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. சார்டீனியாத் தீவில் காணப்படும் 27:09 என்ற உள்வகை, பரவலாக நோயோடு சேர்ந்து வரும் 27:05-இலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் மாறுகிறது, ஆனால் அது இந்த நோயோடு சேர்ந்து வருவது மிக அரிது. அவ்வளவு சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு என்பதைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

இது கெட்ட ஜீன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி. தொற்று வந்தாலும் பி27 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றுகிறது, ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தானாகவே விரட்டும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். வைரஸ் துண்டுகளைக் கூர்மையாகப் பிடித்துக் காட்டுகிற திறமை ஒரு பக்கம், அழற்சி அடங்காமல் போகும் ஆபத்து இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே ஜீனில். அழற்சி என்பதே உடம்பின் நல்ல வேலைதான், கிருமி போனதும் அணைந்துவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு, பந்தி முடிந்து விருந்தாளிகள் போன பிறகும் கோட்டை அடுப்பை யாரும் அணைக்காமல் விட்டதுபோல அது எரிந்துகொண்டே இருக்கிறது.

அணைக்காமல் வைப்பதில் பி27 மட்டும் பங்காளி இல்லை. புரதத் துண்டுகளை அளவாக நறுக்கும் ஈ.ஆர்.ஏ.பி.1, ஐ.எல்.23 என்ற அழற்சிச் செய்தியை செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்று இரண்டு ஜீன்களை 2007-இல் கண்டுபிடித்தார்கள், இப்போது அந்தப் பட்டியல் நூறைத் தாண்டிவிட்டது. அதே ஐ.எல்.23 பாதை தோல் நோயான சொரியாசிஸிலும் குடல் அழற்சி நோயான குரோன்ஸிலும் வருகிறது. அதனால்தான் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கண், ஒருவருக்கு முழங்கையில் செதில் செதிலாக உரியும் தோல், ஒருவருக்கு விடாத வயிற்றுப்போக்கு என்று வெவ்வேறு உறுப்புகளில் வந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு டாக்டரிடம் போய், எல்லாம் தனித்தனி நோய் என்று வாழ்ந்துகொண்டிருப்பார்கள். என் பெரியாத்தா (ஆத்தாவின் அக்கா) மகனுக்குக் கல்யாணச் சாப்பாட்டில் வயிறு கெட்டு, அது சரியாகி மூன்று வாரம் கழித்து முழங்கால் பூசணி மாதிரி வீங்கியது. சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற குடல் கிருமிகள் வந்து போன பிறகு பி27 உள்ளவர்களுக்கு இப்படி மூட்டு வீங்குவது புத்தகத்தில் உள்ள விஷயம். அவனுக்கும் பி27 பாசிட்டிவ்தான்.

இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நாங்கள் நகரத்தார், எங்களுக்குக் குடும்ப வரலாறு என்றால் வம்சத்துக்கு உரிய கோயில், பங்காளி, முன்னோருக்கு வைக்கும் படைப்பு. எத்தனையோ தலைமுறைப் பேரை வரிசையாகச் சொல்ல எங்கள் வீட்டுப் பெரியவர்களால் முடியும். ஆனால் அது முழுக்க அப்பச்சி வழிக் கணக்கு. படைப்பில் உட்கார்ந்து எத்தனை பேரை விசாரித்தாலும் ஐயாவின் கூன் அதில் வராது, ஏனென்றால் அவர்கள் வேறு கோயில், வேறு பங்காளி வகை. எனக்கு வந்த ஜீன் ஆத்தா வழியாக வந்தது. கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், பெரியாத்தா மகன், இந்த வரிசை எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே டாக்டரிடம் சொல்ல எழுதும்போது தாய்வழியையும் தகப்பன்வழியையும் சமமாக எழுதுங்கள், மூன்று தலைமுறை போதும். ‘வாதம்’ என்று எழுதாதீர்கள். எந்த மூட்டு, எந்த வயதில் தொடங்கியது, காலை விறைப்பு உண்டா, கண், தோல், குடல் எப்படி என்று எழுதுங்கள். சொந்தத்தில் கட்டினதால்தான் இந்த வியாதி என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தாயிடமிருந்து ஒன்று தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வேண்டும். பி27-க்கு ஒரு பிரதியே போதும், என் அப்பச்சியும் ஆத்தாவும் சொந்தமே இல்லாதவர்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய பாடம் ஆத்தாதான். ஐயாவிடமிருந்து என்னிடம் வந்த ஜீன் ஆத்தாவைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய ஆத்தா இன்றைக்கும் தரையில் உட்கார்ந்து இடியாப்பம் பிழிகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், ஒரு நாளும் முதுகு என்று சொன்னதில்லை. பி27 உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த நோய் வருவதே இல்லை. நோயாளியின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கு பி27 இருந்தால் மட்டும் ஆபத்து கொஞ்சம் கூடுதல், பத்தில் ஒருவர் இருவருக்கு வரலாம். ஒரே கரு இரட்டையர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தாலும், ஏறக்குறைய மூன்று ஜோடிக்கு இரண்டு ஜோடியில்தான் மற்றவருக்கும் வருகிறது, ஜீன் முழுக்க ஒன்றாக இருந்தும். ஆக, வலியே இல்லாதவர் பி27 பார்த்துப் பாசிட்டிவ் என்று கையில் தாள் வாங்குவதில் பயன் எதுவும் இல்லை, தூக்கம்தான் போகும். வலி இருந்து, அது காலை வலியாக இருந்து, நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் பார்க்கலாம். அப்போதும் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று ஆகாது, பி27 இல்லாமலும் இது வருகிறது. இது ஆம்பளைகள் நோய் என்று பழைய புத்தகங்களில் இருக்கும், அதை நம்பிப் பெண்களைத் தட்டிக்கழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நேப்ராக்சன் போன்ற வலி அழற்சி மாத்திரை, வயிற்றுக்குப் பாதுகாப்பாக இன்னொன்று, சிறுநீரகத்துக்காக அவ்வப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துக்கொள்வது. இந்த நோயில் வலி மாத்திரை வெறும் வலி மறைப்பு இல்லை, அதுவே அழற்சிக்கான சிகிச்சை, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுவதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அது போதாதவர்களுக்கு டி.என்.எஃப். என்ற அழற்சிச் செய்தியைத் தடுக்கும் அடாலிமுமாப், எடனர்செப்ட் போன்ற ஊசிகள், அல்லது ஐ.எல்.17 என்ற இன்னொரு அழற்சிச் செய்தியைத் தடுக்கும் செக்குகினுமாப். 2014-இல் இந்தியாவிலேயே அடாலிமுமாப் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியது, அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான். ஊசிக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், இதில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. காசநோய்க் கிருமியை நுரையீரலில் சிறைவைத்துக் காவல் காப்பதே டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் உறங்கிக் கிடக்கும் கிருமி எழுந்துவிடும், நம் நாட்டில் அப்படி உறங்கும் கிருமியோடு இருப்பவர்கள் கோடிக்கணக்கில். வீட்டில் எப்போதாவது யாருக்காவது டி.பி. வந்திருந்தால், அது எவ்வளவு பழைய கதையாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முடக்கத்தான் தோசை சாப்பிடு, கத்திரிக்காய் கருவாடு கரப்பான் பண்டம், ஒதுக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும், சாப்பிடுகிறேன், மாத்திரைக்குப் பதிலாக இல்லை. பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும், ஒரே நாளில் வலியைப் போக்கும் பொடியை மட்டும் தொடாதீர்கள், அப்படி வேகமாகக் கேட்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு முதுகெலும்பு வேகமாக ஒட்டுகிறது, இதை அம்மானிடம் சொல்லிச் சொல்லி இப்போதுதான் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

எனக்கு மாத்திரைக்குச் சமமாக உதவுவது உடற்பயிற்சி. தலையணையைத் தாழ்வாக ஆக்கினேன், காலையில் கால் மணி நேரம் குப்புறப் படுக்கிறேன், கையை விரித்து நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை பட்டாலைச் சுவரோடு ஒட்டி நிற்பேன். சுண்ணாம்பை மெழுகி வழவழவென்று இழைத்த பழைய சுவர் அது. குதிகால், இடுப்பு, முதுகு மூன்றும் சுவரில் பட, தாடையைத் தூக்காமல் பின்மண்டை தானாகச் சுவரைத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி விழுந்தால் மகள் ஸ்கேல் வைத்து அளந்து குறித்துவைப்பாள். அப்புறம் தையல் டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை முழுக்க விட்டு ஒரு அளவு, முழுக்க இழுத்து ஒரு அளவு. வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி, இரண்டரைக்குக் கீழே போனால் விலா மூட்டுகள் இறுகுகின்றன என்று அர்த்தம். இந்த அளவுகள் எழுதிய நோட்டைத்தான் மதுரைக்குக் கொண்டுபோகிறேன், மருத்துவர் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்.

கடைசியாக, கல்யாணப் பேச்சு. எங்கள் பக்கம் வீட்டு வியாதியை வெளியில் சொல்ல மாட்டார்கள், பெண்ணுக்கு இடம் அமையாது என்ற பயம். அம்மானின் கண் விஷயம் எனக்கே அரைகுறையாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம் அதுதான். எனக்கு வலி தொடங்கியபோது யாராவது ஒருவர் அதைக் காதில் போட்டிருந்தால் ஊசி, டிஸ்க் என்று இத்தனை வருஷம் போயிருக்காது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் இரண்டு பெண்கள். ஆனால் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன், சொல்லியும் விட்டேன். ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பெண்ணின் பி27 ரிப்போர்ட்டை யாராவது குறையாகப் பேசினால் ஆத்தாவைக் காட்டுவேன்.

என் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இந்த ஜீன் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதிக்கவில்லை, மருத்துவரும் வேண்டாம் என்றார். பெரியவளிடம் மட்டும் மூன்று விஷயம் சொல்லிவைத்திருக்கிறேன்: ராத்திரி எழுப்புகிற முதுகுவலி, காலையில் தரையில் வைக்க முடியாத குதிகால் வலி, வெளிச்சம் தாங்காத சிவந்த ஒற்றைக் கண். முதல் இரண்டுக்கும் சில வாரம் பார்க்கலாம். கண்ணுக்கு மட்டும் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய், “எங்க வீட்ல பி27 இருக்கு” என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.